உப்பை மிதிக்கும் ஊர்

அம்சவல்லி ஜெர்மனிக்குப் போகிறாள் என்று தெரிந்ததும், அந்தக் குளிரில் எதை உடுத்துவாள் என்றுதான் ஊரில் முதலில் கேட்டார்கள். அடுத்த கேள்வி, இவளுக்கு எதற்கு என்பது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கடற்கரைக் குப்பங்களில் எத்தனையோ பேர் இருக்க, மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிற காசிலிங்கத்துக்கும் அவன் பெண்டாட்டிக்கும் எப்படி அடித்தது இந்த யோகம்? யோகம் என்றே சொன்னார்கள். யாருக்கும் வாய் கூசவில்லை.

சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஹாம்பர்க் என்ற துறைமுக நகரத்தில் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து, மரக்காணம் பக்கம் வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உதவி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கப்பட்ட ஒரு தம்பதியை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. டிசம்பரில் ஒரு வார இறுதி. துறைமுகத்தைப் பார்த்த மாதிரி ஓட்டல் அறை, ஆற்றில் படகுச் சவாரி, கிறிஸ்துமஸ் கடைவீதி. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு கூட்டத்தில் நாலு வார்த்தை பேச வேண்டும். இதைச் சொல்ல அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஜான்சன் பைக்கில் வந்திருந்தான்.

"மீனவங்க கதைய அவங்க நெறைய கேட்டாச்சு அண்ணே. உப்பளம்னா புதுசு. இது க்ளிக் ஆயிடுச்சுன்னா உங்க உப்பளத்து ஆளுங்க எல்லாருக்கும் காங்கிரீட் வீடு. ஃபர்ஸ்ட் வீடு உங்களுது. ரெண்டு நாள் ஜாலியா சுத்திட்டு வாங்க. செகண்ட் ஹனிமூன்னு வெச்சுக்குங்களேன்."

பிள்ளை செத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஹனிமூன் என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஜான்சனுக்கு அது தாராளமாக இருந்தது. காசிலிங்கம் சிரித்தான். அம்சவல்லி சிரிக்கவில்லை. ஆனால் வீடு என்ற சொல் அவள் காதிலும் விழுந்தது. மழைக்காலம் முழுக்க ஒழுகுகிற கீற்றுக் கொட்டகைக்குள் மகள் செந்தமிழ் சுருண்டு படுத்திருந்தாள்.

செந்தமிழுக்கு எட்டு வயது. தண்ணீர் வந்த நாளிலிருந்து அவள் அம்மாவின் கையைப் பிடிக்காமல் எந்தத் தண்ணீரையும் தாண்ட மாட்டாள். உப்பளத்துக் கால்வாயின் குறுக்கே ஒரு பனைமரத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதில் ஓடி விளையாடும். இவள் மட்டும் இந்தக் கரையில் நின்று, "அம்மா, கை," என்பாள். அம்சவல்லி கையைக் கொடுப்பாள். அந்தச் சின்னக் கை வந்து தன் கையைப் பற்றுகிற ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்குக் காரணம் இருந்தது. அது அவளுக்கும் காசிலிங்கத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

தண்ணீர் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. உடைந்த வரப்பை எடுத்துக் கட்ட வேண்டியது காசிலிங்கம்தான். முந்தின நாள் கிறிஸ்துமஸ். பக்கத்து ஊரான கூனிமேட்டில் யாரோ வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்து, விடிந்தும் எழுந்திருக்காமல் கிடந்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அம்சவல்லி போனாள். பிள்ளைகள் இரண்டும் கூடவே வந்தன. கடல் கழுவெளி ஏரிக்குள் ஏறி, கால்வாய் வழியாக உப்பளத்துக்குள் வந்தபோது அவள் வலது கையில் செந்தமிழ், இடது கையில் நாலு வயது மணிகண்டன். தண்ணீர் மூன்று பேரையும் புரட்டிக்கொண்டு போய் ஒரு வேலிக்காத்தான் மரத்தில் மோதியது. பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். மரம் இடது பக்கம் இருந்தது. இடது கை திறந்தது.

நடந்தது அவ்வளவுதான். அவள் பெண்ணையும் பையனையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் ஊர் இதை அப்படிக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அலை பையனைப் பிடுங்கிக்கொண்டது என்றே எல்லோரிடமும் சொன்னாள். செந்தமிழும் அப்படியே நம்பினாள். தண்ணீருக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த அவளுக்கு முள் குத்தியது மட்டும்தான் நினைவு.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பிறகு காசிலிங்கத்திடம் மட்டும் அம்சவல்லி உள்ளதைச் சொன்னாள். ஒருத்தரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. "செந்தமிழுக்கு மட்டும் தெரியவே கூடாதுய்யா. தம்பிய விட்டுட்டு நம்மளப் புடிச்சாங்கன்னு அது நெனச்சிச்சின்னா அப்பறம் அது மனுஷியா இருக்காது. யார்கிட்டயும் சொல்லாத," என்று அழுதாள். காசிலிங்கம் அடுப்படிக்குப் போய் ஒரு பிடி உப்பை அள்ளி வந்தான். அந்த உப்பளத்து ஆட்கள் கற்பூரம் அணைத்தெல்லாம் சத்தியம் செய்வதில்லை. ஒருவர் உள்ளங்கையில் உப்பை வைத்து அதன் மேல் அடித்துச் சொன்னால் போதும். அதைத் தாண்டிப் பேசினவன் யாரும் இல்லை. காசிலிங்கம் அவள் கையில் உப்பை வைத்து அடித்தான். "எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றான். அன்றைக்கு அவன் மனசாரத்தான் சொன்னான். அதில் சந்தேகமில்லை.

செந்தமிழைக் காசிலிங்கத்தின் அக்கா சுலோசனா வீட்டில் விட்டுவிட்டு ஜான்சனோடு கிளம்பினார்கள். பெண் அழவில்லை. "அங்க தண்ணி இருக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

தண்ணீர் இருந்தது. ஹாம்பர்க்கில் எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். ஓட்டல் ஜன்னலைத் திறந்தால் கறுப்பாக அகன்ற ஓர் ஆறு, அதில் வீடு வீடாய் அடுக்கின மாதிரி கப்பல்கள். குழந்தை தண்ணீரில் போன தாய்க்குத் தண்ணீரைப் பார்த்த அறையாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கொடுத்ததிலேயே உசத்தியான அறை அதுதானாம். அம்சவல்லி திரையை இழுத்து மூடினாள்.

வந்து இறங்கின அன்று சாலையில் பனி உறைந்து கிடந்தது. ஒரு லாரி மெதுவாகப் போய்க்கொண்டே பின்னால் வெள்ளையாக எதையோ தூவியது. காலடியில் தெறித்த ஒரு பரலை அம்சவல்லி குனிந்து எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பு. பனி உருகுவதற்காகப் போடுகிறார்கள் என்று ஜான்சன் சொன்னான். அவள் நம்பாமல் பார்த்தாள். ஆணும் பெண்ணும் நாயும் அதன் மேல் நடந்து போயின. வெயிலில் கால் வெந்து, வெடிப்பில் எரிந்து அவள் வாருகிற பொருள். அதை அள்ளும்போது மிதிக்காமல் முடியாதுதான். ஆனால் அள்ளிக் குவித்த பிறகு எவனும் அதன் மேல் கால் வைக்க மாட்டான். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உப்பில்லாத ஓரமாகப் பார்த்துப் பார்த்து நடந்தாள். வழுக்கி விழுந்தாள். கூட வந்த வெள்ளைக்காரர்கள் பதறித் தூக்கிவிட்டார்கள்; ஒருவன் கையில் வீடியோ கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. ஜான்சன் காரணத்தை எடுத்துச் சொன்னதும் ஆஹா என்று உருகி, அவள் காலைப் படம் எடுத்தார்கள்.

சனிக்கிழமை காலையில் படகுச் சவாரி. யாரோ கொடுத்த கோட்டுக்குள் காசிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கப்பலைப் பார்த்தான், கிரேனைப் பார்த்தான், படம் எடுத்தவனைப் பார்த்துக் கையை ஆட்டினான். கடைவீதியில் அவளுக்கு ஒரு இதய வடிவ ரொட்டியை வாங்கிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். தம்பதி என்றால் அப்படி மாட்டுவது வழக்கமாம். அதையும் படம் எடுத்தார்கள்.

மத்தியானம் அறைக்குத் திரும்பியதும் காசிலிங்கம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தோளில் கை போட்டான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"இன்னாடி, ஹனிமூன்னுதான் கூட்டியாந்திருக்கான்."

"வுடுய்யா. தண்ணியப் பாத்தாலே எனக்கு வயித்தப் பெரட்டுது."

"உனக்கு எல்லாம் பெரட்டும். ஒரு வருஷமா பெரட்டிகினே இருக்குது." அவன் எழுந்து திரையைத் திறந்துவிட்டான். "மணி பொறந்ததும் அவசரமா போயி ஆபரேஷன் பண்ணிக்கின. ஞாபகம் வெச்சுக்கோ. உனக்குத்தான் ஆபரேஷன் ஆச்சு. எனக்கு ஆவல."

அவளுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து போய்த் திரையை மறுபடி இழுத்து மூடினாள்.

கூட்டம் ஒரு பழைய பெரிய மண்டபத்தில். மேஜைக்கு மேஜை மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி, எதிரில் சாப்பாட்டுத் தட்டு. மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். சின்ன வயதிலேயே சண்டைக்குத் தப்பி இங்கே வந்தவளாம். அம்சவல்லியை அக்கா என்றே கூப்பிட்டாள். முதலில் அம்சவல்லி பேச வேண்டும். ஜான்சன் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தான்: அவசரப்படாதீங்க, நிறுத்தி நிறுத்திப் பேசுங்க, அழுகை வந்தா அடக்காதீங்க.

அவள் எழுந்து நின்றாள். "தண்ணி வந்துச்சு. எம் பையன் போயிட்டான். அவன் பேரு மணிகண்டன்," என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

மரியாதைக்குக் கொஞ்சம் தலையசைப்பு. ஒரு முள்கரண்டி தட்டில் பட்ட சத்தம். ஜான்சனின் முகம் செத்துவிட்டது. அவன் காசிலிங்கத்தின் பக்கம் சாய்ந்து, "அண்ணே, இப்டியே போனா வீடு கோவிந்தாதான்," என்று முணுமுணுத்தான்.

காசிலிங்கம் மைக்கை வாங்கினான்.

"என் சம்சாரம் பாதிதான் சொல்லிச்சு. மீதிய நான் சொல்றேன். பையன அலை இஸ்துகினு போவல. ஒரு கையில பொண்ணு, ஒரு கையில பையன். மரத்தப் புடிக்க ஒரு கை வேணும். இவ யாரப் புடிக்கிறது, யார வுடுறதுன்னு பாத்தா. பொட்டப் புள்ளைய இறுக்கிப் புடிச்சிகினு, எம் பையன் கைய வுட்டுட்டா. எனக்கு இருந்தது ஒரே பையன்."

யாழ்ப்பாணத்துப் பெண் வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். குனிந்து, "அக்கா, இதை நான் சொல்லட்டோ?" என்று கேட்டாள். அந்த ஊரிலேயே அம்சவல்லியை ஒரு வார்த்தை கேட்டவள் அந்தப் பெண் ஒருத்திதான். அம்சவல்லிக்கு வேண்டாம் என்ற ஒரு சொல் வரவில்லை. "சொல்லுங்க மேடம், வெயிட் பண்றாங்க," என்றான் ஜான்சன்.

யாழ்ப்பாணத்துப் பெண் ஜெர்மனில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் குரலே உடைந்தது. மேஜைகளில் முள்கரண்டிகளைக் கீழே வைத்தார்கள். பிறகு எங்கோ ஒரு கிழவர் கைதட்டத் தொடங்கினார். மேஜை மேஜையாக எழுந்து நின்று எல்லோரும் தட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் கையை விட்டதற்கு இத்தனை கைதட்டல் உலகத்தில் வேறெங்கும் விழுந்திருக்காது. தன் வாழ்நாளில் கைதட்டல் வாங்கியிராத காசிலிங்கம், கை கூப்பி நாலு பக்கமும் கும்பிட்டான்.

ஒரு கிழவி மேஜைகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நரைத்த தலை, நல்ல முகம். அம்சவல்லியின் முன்னால் குனிந்து, மெதுவாக ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பவள் தயங்கினாள். "எந்தக் கை எண்டு கேக்கிறா, அக்கா."

அம்சவல்லி இடது கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கிழவி அந்தக் கையை எடுத்து முத்தம் கொடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். படம் எடுப்பவர்கள் கூடிவிட்டார்கள். கிழவி கெட்டவள் இல்லை. இரக்கம்தான். ஆனால் உலையில் கையை வைத்திருந்தாலும் அம்சவல்லிக்கு அப்படி எரிந்திருக்காது.

வெளியே வந்ததும் அவள் சாலையிலேயே நின்றுவிட்டாள். "உப்பு மேல அடிச்சியேய்யா."

காசிலிங்கம் இன்னும் அந்தக் கைதட்டலிலிருந்து இறங்கவில்லை. பூட்ஸ் காலால் தரையை நறநறவென்று தேய்த்துக் காட்டினான். "இதா பாரு உப்பு. நாயி மூத்தரம் போவுது அது மேல. ஒருத்தனுக்கானா இன்னா ஆச்சு? சத்தியம் கித்தியம்லாம் மரக்காணத்தோட. இங்க எவனுக்குடி தமிழு தெரியும்? இங்க சொன்னது இங்கயே கெடக்கப்போவுது. வீடு வருது பாரு."

"வீட்டுக்காகவாய்யா சொன்ன?"

அவன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டான். முன்னால் நடந்தான். அவளும் நடந்தாள், இந்தத் தடவை ஓரம் பார்க்காமல், உப்பின் மேலேயே.

வீடு வரத்தான் வந்தது. பொங்கல் கழிந்து உப்பளத்துக்கு மேற்கே மேட்டு நிலத்தில் அடிக்கல் விழா. ஷாமியானா போட்டு, ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, ஊரே வந்திருந்தது. ஜான்சன் ஒரு பெரிய டிவியையும் சிடி பிளேயரையும் கொண்டுவந்து வைத்தான். "ஜெர்மன்லேர்ந்து அனுப்பியிருக்காங்க. நம்ம அண்ணனும் அக்காவும் நமக்காக எப்டி பேசினாங்கன்னு எல்லாரும் பாக்கணும்," என்றான். அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை என்றுதான் நினைத்திருந்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்குத் தோன்றவில்லை.

அம்சவல்லி பெண்கள் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள். செந்தமிழ் மற்றப் பிள்ளைகளோடு டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் கப்பல் வந்தது. பிறகு கோட்டுப் போட்ட காசிலிங்கம் வந்தான். பொடிசுகள் ஓவென்று கத்தின. அம்சவல்லி வழுக்கி விழுந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். செந்தமிழ் திரும்பி அம்மாவைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் மண்டபம் வந்தது.

அம்சவல்லி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். "நிறுத்துங்க சார், நிறுத்துங்க," என்று கத்தினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்த பெண்கள் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியை டிவியோடு சேர்த்திருந்தார்கள். பொட்டப் புள்ளைய இறுக்கிப் புடிச்சிகினு எம் பையன் கைய வுட்டுட்டா என்று காசிலிங்கத்தின் குரல், மொழிபெயர்ப்புக்கு அவசியமே இல்லாமல், உப்பளம் முழுக்கக் கேட்டது. டிவிக்குள் எல்லோரும் கைதட்டினார்கள். இங்கே பாதிப் பேருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், ஜான்சன் தட்டுவதைப் பார்த்துத் தட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

காசிலிங்கம் எழுந்து நின்றான். "சிடி போட்டு அனுப்புவானுங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்," என்றான் பொதுவாக. அவன் வருத்தமெல்லாம் அதுதான்.

சுலோசனாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அடிப்பாவி. எங்க குலம் தழைக்க இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதப் போயி வுட்டுட்டு, நாளைக்கு எவன் வூட்டுக்கோ போறதப் புடிச்சிகினியா?"

"இவரு எங்க இருந்தாருன்னு கேளு, உன் தம்பிய," என்றாள் அம்சவல்லி. "வரப்பு கட்டப் போவ வேண்டியது யாரு? குடிச்சிட்டு யாரு கெடந்தது? அத சொன்னாரா அந்த டிவில?"

"அவன் எங்க கெடந்தா இன்னா? கைய வுட்டது நீதானே."

அவளைப் பிடித்து நிறுத்தியிருந்த பெண்கள்கூட மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்கள். அம்சவல்லி டிவியின் முன்னால் பார்த்தாள். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் செந்தமிழ் இல்லை.

பெண் தூரத்தில் வரப்பின் மேல் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அம்சவல்லி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். அவள் திரும்பவில்லை. கால்வாய் வந்ததும் வழக்கம்போல நின்றாள். அம்சவல்லி மூச்சு இரைக்கப் போய்ப் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். செந்தமிழ் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மறு கையையும் பார்த்தாள்.

"எந்தக் கைம்மா?"

அம்சவல்லி இடது கையைக் காட்டினாள். "மரம் அந்தப் பக்கம் இருந்துச்சு கண்ணு. அதுக்குத்தான் அந்தக் கைய எடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல. உன்னயும் அவனயும் நான் பிரிச்சே பாக்கல." ஒரு வருஷமாகத் தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவ்வளவும் சத்தியம்.

செந்தமிழ் அம்மாவின் வலது கையை ஒரு விரலால் தொட்டாள்.

"மரம் இந்தப் பக்கம் இருந்திருந்தா?"

பெண் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் பனைமரத்தின் மேல் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பித்தாள். நடுவில் வந்து கீழே தண்ணீரைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள். ஆனால் அம்மா, கை என்று கேட்கவில்லை. அம்சவல்லி இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு இந்தக் கரையிலேயே நின்றாள்.